வெளிநாட்டு மணிக்கூடுகள் எப்போது மாறும்? வன்னிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் என்று வன்னியில் எந்தப் பக்கம் போனாலும், பிள்ளையோ சகோதரமோ வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. ஆண்டுக்கு இரண்டு தடவை அவர்கள் கோல் எடுக்கும் நேரம் திடீரென்று மாறிவிடும். வழக்கமான நேரத்துக்குப் போன் அடிக்காவிட்டால் வயதான தாய் தகப்பன் எவ்வளவு பதறுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பதற்றம் தேவையில்லாதது. எந்த நாடு எப்போது மணிக்கூட்டை மாற்றுகிறது, எது மாற்றுவதே இல்லை, இங்கே நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

லண்டனில் இருக்கும் மகன் தினமும் பின்னேரம் 6.30க்கு எடுப்பான். மார்ச் கடைசியில் இருந்து 5.30க்கே எடுக்கிறான். ஏன்?

அவன் எடுக்கும் நேரம் மாறவில்லை. அவனுக்கு மத்தியானம் 1 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, அந்த நேரத்தில்தான் எடுக்கிறான். குளிர்காலத்தில் லண்டன் 1 மணி என்றால் எங்களுக்கு 6.30. மார்ச் கடைசி ஞாயிறன்று பிரித்தானியா முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு அவர்களுடைய 1 மணி எங்களுக்கு 5.30. ஒக்டோபர் கடைசியில் மணிக்கூட்டைப் பழையபடி பின்னே எடுப்பார்கள், கோலும் 6.30க்குத் திரும்பிவிடும். இதைத்தான் கோடைகால நேரம், சம்மர் டைம் என்று சொல்கிறார்கள்.

அப்படியென்றால் வீட்டு மணிக்கூட்டையும் நாங்கள் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இலங்கையில் இப்போது நேர மாற்றம் எதுவும் இல்லை. சுவர் மணிக்கூட்டில் கை வைக்கத் தேவையில்லை. மாறுவது அவர்களுடைய மணிக்கூடு மட்டும்தான்.

எந்தெந்த நாடு, எந்தெந்தத் திகதி?

எங்கள் ஆட்கள் அதிகம் இருக்கும் இடங்களை மூன்றாகப் பிரித்தால் மனதில் நிற்கும்.

முதலாவது ஐரோப்பா. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து, இத்தாலி, சைப்பிரஸ் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: மார்ச் கடைசி ஞாயிறு முன்னே, ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. 2026இல் மார்ச் 29, ஒக்டோபர் 25. 2027இல் மார்ச் 28, ஒக்டோபர் 31. லண்டனிலும் பாரிஸிலும் மணிக்கூடு வெவ்வேறு நேரம் காட்டினாலும் மாற்றுவது ஒரே கணத்தில்தான், எங்களுக்கு ஞாயிறு விடிய 6.30க்கு. ஐஸ்லாந்து, ரஷ்யா, துருக்கி போன்ற சில நாடுகள் மட்டும் இந்தப் பழக்கத்தில் இல்லை.

இரண்டாவது அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும். மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. 2026இல் மார்ச் 8, நவம்பர் 1. 2027இல் மார்ச் 14, நவம்பர் 7. 2007ஆம் ஆண்டில் இருந்து இந்தத் திகதிகள்தான். ரொறன்ரோ, மொன்றியல் ஆட்களுக்கு இது அப்படியே பொருந்தும். அரிசோனாவின் பெரும்பகுதி, ஹவாய், கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பெரும்பகுதி ஆகியவை மாற்றுவதில்லை.

மூன்றாவது அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். அங்கே எல்லாம் தலைகீழ் என்பதால் அதைத் தனியாகப் பார்ப்போம்.

மத்திய கிழக்கில் வேலை செய்பவர்களுக்கு?

கட்டார், குவைத், சவுதி, துபாய், ஓமான் எதிலும் மாற்றம் இல்லை. கட்டார், குவைத், சவுதி எங்களை விட 2 மணி 30 நிமிடம் பின்னே. துபாயும் ஓமானும் 1 மணி 30 நிமிடம் பின்னே. ஆண்டு முழுவதும் இதே கணக்கு.

கவனிக்க வேண்டியவை வேறு மூன்று. ஜோர்தான் 2022இல் நேர மாற்றத்தைக் கைவிட்டு, இப்போது கட்டாரின் நேரத்திலேயே நிற்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளுக்கு முன்பு போய்வந்தவர்கள் சொல்லும் பழைய கணக்கை அங்கே நம்ப வேண்டாம். இஸ்ரேல் இன்னும் மாற்றுகிறது. ஆனால் முன்னே தள்ளுவது மார்ச் கடைசி ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஐரோப்பாவுக்கு இரண்டு நாள் முந்திவிடும். லெபனானும் மாற்றுகிறது. 2023 மார்ச்சில் அங்கே அரசு மாற்றத்தை நோன்பு முடியும்வரை தள்ளிவைக்க, தேவாலயங்களும் சில தொலைக்காட்சிகளும் அதை ஏற்காமல் பழைய திகதியிலேயே மாற்றிவிட்டன. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. வன்னிக்காரருக்கு அது புதுமையான கதை இல்லை. ஏன் என்று கீழே வரும்.

இந்தியா, மலேசியா, கொரியா?

எதிலும் மாற்றம் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் சொந்தங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் 2 மணி 30 நிமிடம் முன்னே. கொரியாவும் யப்பானும் 3 மணி 30 நிமிடம் முன்னே.

வித்தியாசத்தை நினைவில் வைக்க ஒரு சின்னக் கணக்கு சொல்ல முடியுமா?

போன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

லண்டன்: கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணித்தியாலம் பின்னே.
பாரிஸ், சூரிச், பேர்லின், ஒஸ்லோ: கோடையில் மூன்றரை, குளிரில் நாலரை பின்னே.
ரொறன்ரோ, மொன்றியல்: கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை பின்னே.
சிட்னி, மெல்பேர்ண்: அவர்களுடைய கோடையில் ஐந்தரை, அவர்களுடைய குளிரில் நாலரை முன்னே.

மார்ச் மாதத்தில் மட்டும் கணக்கு எப்படியும் பிழைக்கிறதே?

குடும்பத்துக்குள் சண்டை வருகிற மாதம் அதுதான். கனடா முதலில் மாற்றும், ஐரோப்பா பிறகுதான் மாற்றும். 2026இல் இந்த இடைவெளி மூன்று கிழமை, 2027இல் இரண்டு கிழமை. இலையுதிர்காலத்தில் ஐரோப்பா முந்திவிடும், கனடா ஒரு கிழமை கழித்து வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. அக்கா ரொறன்ரோவில், தம்பி லண்டனில், அம்மா விசுவமடுவில். ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோ காலை 9 மணி, லண்டன் பின்னேரம் 2 மணி, அம்மாவுக்கு இரவு 7.30 என்று மூவரும் வாட்ஸ்அப்பில் சேர்கிறார்கள். மார்ச் 8, 2026 அன்று கனடா மணிக்கூட்டைத் தள்ளியதும் அக்காவின் காலை 9 மணி அம்மாவுக்கு 6.30 ஆகிவிடும், லண்டனில் 1 மணி. தம்பிக்கு எந்த மாற்றமும் தெரியாது. அவன் வழக்கம்போல 2 மணிக்கு வருவான், அதற்குள் அக்கா வைத்துவிட்டுப் போயிருப்பாள். மார்ச் 29 அன்று லண்டனும் மாறியதும் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் அம்மாவுக்கு அந்தக் கோல் இனி 6.30க்கு.

எங்கள் யோசனை இதுதான்: குடும்பக் கோலுக்கு நேரம் குறிக்கும்போது வன்னி நேரத்தையே அச்சாக வையுங்கள். மாறாமல் நிற்பது இங்கே இருக்கும் மணிக்கூடு ஒன்றுதான். "அம்மாவுக்கு இரவு 7.30" என்று பேசி வைத்தால் மற்ற இருவரும் தங்கள் தங்கள் போனில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். எழுபது வயது மனுசியை நேரம் கணக்குப் பார்க்க விடுவதை விட அது எவ்வளவோ மேல்.

அவுஸ்திரேலியாவில் ஏன் தலைகீழ்?

பூமியின் தென்பாதியில் இருப்பதால் எங்கள் மார்கழி அவர்களுக்குக் கடும் கோடை. அதனால் ஒக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே எடுக்கிறார்கள். 2026இல் ஏப்ரல் 5, ஒக்டோபர் 4. 2027இல் ஏப்ரல் 4, ஒக்டோபர் 3. சிட்னி, மெல்பேர்ணில் அது நடப்பது எங்களுக்குச் சனி இரவு 9.30க்கு.

எல்லா மாநிலமும் மாற்றுவதில்லை. சிட்னி, மெல்பேர்ண், கன்பரா, அடிலெய்ட், ஹோபார்ட் மாற்றும். பிரிஸ்பேன், பேர்த், டார்வின் மாற்றாது. அடிலெய்டில் ஆட்கள் இருந்தால் கணக்கு சுகம், அரை மணித்தியாலத் தொல்லை இல்லை: கோடையில் 5 மணித்தியாலம், குளிரில் 4 மணித்தியாலம் முன்னே. நியூசிலாந்து செப்டெம்பர் கடைசி ஞாயிறன்றே முன்னே தள்ளிவிடும், பின்னே எடுப்பது ஏப்ரல் முதல் ஞாயிறு.

இதெல்லாம் எதற்காகச் செய்கிறார்கள்?

வெளிச்சத்துக்காக. கிளிநொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரை பாகை அளவில்தான் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம், மிகக் குறுகியது 11 மணி 35 நிமிடம். வித்தியாசம் ஒரு மணித்தியாலம் சொச்சம். ஆனியில் வயலுக்குப் போனாலும் மார்கழியில் போனாலும் சூரியன் எங்களைப் பெரிதாக ஏமாற்றுவதில்லை.

லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கு மேல். டிசம்பரில் எட்டு மணித்தியாலம்கூட முழுதாக இல்லை. ஒஸ்லோவில் இன்னும் மோசம்: கோடையில் 18 மணித்தியாலத்துக்கு மேல், குளிரில் ஆறுக்கும் சற்றுக் குறைவு. மணிக்கூட்டை மாற்றாமல் விட்டால் ஜூன் மாதம் லண்டனில் 3.45 மணியளவிலேயே விடிந்துவிடும். ஊர் தூங்கும்போது அந்த வெளிச்சத்தால் யாருக்கும் பயன் இல்லை. மணிக்கூட்டை முன்னே தள்ளினால் அந்த ஒரு மணித்தியால வெளிச்சம் பின்னேரத்துக்கு வந்துவிடும். வேலை முடிந்து வந்தவர்கள் இரவு 9 மணிக்கும் வெளியே நடந்து திரியலாம்.

நியூசிலாந்தில் ஜோர்ஜ் ஹட்சன் என்ற பூச்சி ஆய்வாளர் 1895இல் இந்த யோசனையை முன்வைத்தார். வேலை முடிந்த பிறகு பூச்சி பிடிக்க அவருக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் 1907இல் இதற்காகவே ஒரு சிறு நூல் வெளியிட்டார். கனடாவின் போர்ட் ஆர்தர் என்ற ஊர் 1908இலேயே செய்து பார்த்தது. நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது போரால்தான். முதலாம் உலகப் போரில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜேர்மனி 1916 ஏப்ரல் 30 அன்று தொடங்கியது. மூன்று கிழமைக்குள் பிரித்தானியாவும் பின்தொடர்ந்தது.

கரண்ட் உண்மையிலேயே மிச்சமாகிறதா?

மிகச் சொற்பம். அமெரிக்கா 2007இல் கோடைகால நேரத்தைச் சில கிழமைகள் நீட்டியது. அதனால் மிச்சமானது ஆண்டு மின்பாவனையில் 0.03 சதவீதம்தான் என்று அந்நாட்டு எரிசக்தித் திணைக்களமே 2008இல் அறிக்கை தந்தது. இந்தியானா மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்றில் வீட்டுப் பாவனை ஒரு சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தது. விளக்கு குறைந்தாலும் ஏசி கூடிவிடுகிறது.

இலங்கையில் எப்போதாவது இப்படிச் செய்தார்களா?

செய்தார்கள். இந்தக் கேள்வியில் வன்னிக்கென்று தனிக் கதையே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இரண்டு தடவையாக மொத்தம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். 1945 ஒக்டோபரில் பழையபடி திரும்பியது. அப்புறம் அரை நூற்றாண்டு ஒன்றும் இல்லை. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தடுமாறின. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்று அரசு 1996 மே 25 அன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணித்தியாலம் பத்து ஆண்டு அப்படியே நின்றது. 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, பழைய நேரம் திரும்பியது.

அந்தப் பத்து ஆண்டும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி புதிய நேரத்தை ஏற்கவில்லை. இங்கே பழைய நேரமே ஓடியது. அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசித்தாலும் அது எங்களுக்கு இயல்பாகத்தான் இருந்தது. மின்சாரம் சேமிக்கத்தான் நேரத்தை மாற்றினார்கள். வன்னியில் சேமிக்க மின்சாரமே இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்கூட அருந்தலாக இருந்த காலம். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பிபிசி தமிழோசை எங்களுக்கு இரவு 9.15க்கு வந்தது. அதே செய்தி வவுனியா நகரில் 9.45க்கு.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகு இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வவுனியாவில் காலை 8 மணிக்குப் புறப்பட்டு ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்ப வேண்டும். வடக்கே போய் முகமாலையைத் தாண்டினால் திரும்பவும் முன்னே. ஒரே வீதி, ஒரே தீவு. கலியாண வீட்டுக்கு நேரம் சொன்னால் "பழைய நேரமோ, புதிய நேரமோ" என்று கேட்டுத்தான் புறப்பட வேண்டும். இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது. இளையவர்கள் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் பார்க்க எந்த நேரத்தை எடுப்பது?

இதை அலட்சியம் செய்ய வேண்டாம். இப்போது கலியாண வயதில் நிற்பவர்கள் பலர் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள். லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று மாறும். அரை மணித்தியாலம் பிழைத்தால் லக்கினமே மாறிவிடக் கூடும்.

பிள்ளை வவுனியா நகரிலோ, 1996க்குப் பின் அரச கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்திலோ, கொழும்பிலோ பிறந்திருந்தால் எழுதிய நேரம் புதிய நேரம். 1996 ஒக்டோபர் 26க்குப் பிறகு என்றால் அரை மணித்தியாலம் கழியுங்கள். அதே ஆண்டு மே 25க்கும் ஒக்டோபர் 26க்கும் இடையில் என்றால் ஒரு மணித்தியாலம் கழியுங்கள். வன்னிக்குள் பழைய மணிக்கூட்டைப் பார்த்து எழுதியிருந்தால் கழிக்க ஒன்றுமில்லை. பிரசவ அறையில் எந்த மணிக்கூடு தொங்கியது, நேரத்தை யார் குறித்தார்கள் என்று தாயிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள். தாளில் இருக்கும் எண்ணை மட்டும் சாத்திரியாரிடம் கொடுத்தால் போதாது, எந்த இடம், எந்த நேரம் என்பதையும் சொல்லுங்கள்.

கோடைகாலத்தில் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கும் இதே கவனம் தேவை. ஜூலை மாதம் ரொறன்ரோவில் காலை 8 மணிக்குப் பிறந்தால் கணிப்புக்கு எடுப்பது 7 மணி. கணினியில் சாதகம் போடும் மென்பொருள்கள் பல இதைத் தானாகவே கழித்துவிடும். நீங்களும் கழித்துக் கொடுத்தால் இரண்டு தடவை கழிந்துவிடும், கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கோயில், கலியாண, நினைவு நிகழ்ச்சிகளின் நேரலைக்கு நேரம் எப்படிப் போடுவது?

"இலங்கை நேரம்" என்று முதலில் போடுங்கள். அதன் கீழே லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னி நேரங்களை அந்தத் திகதிக்குரிய கணக்கில் போடுங்கள். போன வருட அறிவித்தலைப் பார்த்து எழுதுவதால்தான் பிழை வருகிறது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வருவதால் வடநாடுகளில் அப்போது கோடைகால நேரம். எங்களுக்கு நள்ளிரவு 12 மணி என்றால் லண்டனில் இரவு 7.30, ரொறன்ரோவில் பின்னேரம் 2.30. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் காலை 10.30க்குச் சுடர் ஏற்றினால் லண்டனில் விடிய 6 மணி, ரொறன்ரோவில் இரவு 1 மணி. அந்த நேரத்தில் எழும்பி இருப்பவர்கள் அங்கே நிறையப் பேர், அவர்களைப் பிழையான நேரத்துக்குக் காக்க வைக்காதீர்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும் இதே கணக்கு. தைப்பொங்கலுக்கு மட்டும் குளிர்கால வித்தியாசத்தை எடுங்கள்.

பயணச்சீட்டில் இருக்கும் நேரத்தை மாற்றிக் கணக்குப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரத்திலும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரத்திலும்தான் அச்சாகும். கட்டுநாயக்கா 4.20 என்றால் எங்கள் 4.20தான்.

வெளிநாடுகளில் இது எப்போது நிற்கும்?

பல நாடுகள் ஏற்கெனவே நிறுத்திவிட்டன. ரஷ்யா, துருக்கி, பிரேசில், ஈரான் கைவிட்டன. மெக்சிக்கோ 2022இல் எல்லையோர ஊர்கள் தவிர மற்ற இடங்களில் நிறுத்தியது. எகிப்து மட்டும் எதிர்த்திசையில் போய் 2023இல் மீண்டும் தொடங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் 2021உடன் நிறுத்தலாம் என்று வாக்களித்தது, உறுப்பு நாடுகள் உடன்படாததால் அது அப்படியே கிடக்கிறது. அமெரிக்க மேலவை 2022இல் கோடைகால நேரத்தையே நிரந்தரமாக்க ஒப்புக்கொண்டது, கீழவையில் அது நிறைவேறவில்லை. எனவே "இனி மாற்றமாட்டார்களாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பிக் கணக்கை மாற்ற வேண்டாம்.

நான் கனடாவில் இருக்கிறேன். அம்மாவுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

கிறீனிச், பாகை என்று தொடங்க வேண்டாம். அம்மாவின் நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் இரவு 8 மணிக்கு எடுப்பவர் என்றால் குளிர்காலத்தில் அம்மாவுக்கு அது விடிய 6.30, தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார். மார்ச் மாற்றத்துக்குப் பிறகு அதே கோல் 5.30க்கு, இன்னும் இருட்டாக இருக்கும்போது வரும். இருட்டில் அடிக்கும் போனுக்கு வன்னியில் இன்னும் நெஞ்சு இடிக்கும். ஆகவே கோடை முழுவதும் நீங்கள் 9 மணிக்கு எடுங்கள், அம்மாவின் 6.30 அப்படியே நிற்கும். பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரம் அது, கஷ்டம்தான். ஒன்பதுக்கு முடியாது என்றால் முந்திய கிழமையே குரல் பதிவு ஒன்று அனுப்பி, "வாற ஞாயிறில் இருந்து ஒரு மணித்தியாலம் முந்தி எடுப்பேன்" என்று சொல்லுங்கள். நவம்பரிலும் அப்படியே, அப்போது சொல்ல வேண்டியது "ஒரு மணித்தியாலம் பிந்தி". போனில் அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் முந்திய புதன்கிழமைக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வைத்தால் மறக்காது.